குரோம்பேட்டைப் பையில் மீன் வாசனை

புதிதாக சர்வே வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கெல்லாம் கையில் டேப்லெட் கொடுத்து அனுப்புகிறார்கள். எங்களுக்குக் கொடுத்தது கோணிப்பை. சிரிக்காதீர்கள். ஒரு வீடு எதற்கெல்லாம் செலவு செய்கிறது என்று தெரிந்துகொள்ள, வீட்டுக்காரர்கள் வாயைக் கேட்பதைவிட அவர்கள் குப்பையைக் கேட்பது மேல் என்று எங்கள் கம்பெனியில் ஒரு கொள்கை இருந்தது. வாய் பொய் சொல்லும், காலிக் கவர் பொய் சொல்லாது என்பார்கள். நானும் அதைப் பல வருஷம் வேதவாக்காக நம்பினேன். அந்த நம்பிக்கை எப்படிப் போயிற்று என்பதைத்தான் சொல்லப்போகிறேன். போனை அப்புறம் பார்க்கலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது.

வேலை இதுதான். டவுனில் சில வீடுகள், கிராமத்தில் சில வீடுகள் என்று தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு துணிப்பை கொடுப்போம். பிஸ்கட்டோ, சோப்போ, டீத்தூளோ, எதைப் பிரித்தாலும் காலிக் கவரை அந்தப் பையில் போட வேண்டும். எங்கள் பெண்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய், வேறு பை கொடுத்துவிட்டு, பழைய பையைக் கட்டி, வீட்டின் பெயரை ஒட்டி, கோணியில் போட்டுத் தாம்பரம் ஆபீசுக்குக் கொண்டு வருவார்கள். நான் அவர்களுக்கெல்லாம் மேற்பார்வை. ஒழுங்காகப் பை நிரப்பும் வீட்டுக்குப் பரிசு உண்டு. டவுனுக்கு ஒரு பரிசுப் பட்டியல், கிராமத்துக்கு ஒரு பரிசுப் பட்டியல் என்று தலைமை அலுவலகத்திலிருந்து அச்சடித்தே வரும்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? குரோம்பேட்டையில் ஒருவர் உடைந்துபோன டேபிள் ஃபேனை மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, இரும்பு விலைக்கா எடுப்பீர்கள், தாமிரச் சுருளுக்குத் தனி விலையா என்று என்னிடம் பேரம் பேசினார். நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. என்றேன். அதனால்தான் நியாயமாக எடைபோடுவீர்கள் என்று கூப்பிட்டேன் என்றார். என்னுடைய படிப்புக்கு அதுவரை கிடைத்த மரியாதையிலேயே அதுதான் பெரியது.

ஆனால் குப்பை சுவாரசியமானது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பையில் சோப்பும் டீத்தூளும் தீப்பெட்டியும்தான் இருக்கும். இரண்டாயிரத்துக்குப் பிறகு பையின் லட்சணமே மாறிவிட்டது. நூடுல்ஸ், ஷாம்பு, கொசுவத்திச் சுருள், முகத்துக்கு க்ரீம், சுரண்டித் தேய்த்த செல்போன் கார்டு என்று வர ஆரம்பித்தது. டவுன்காரர்கள் பெரிய பாக்கெட்டாக வாங்கி மாதக் கணக்கில் வைத்திருப்பார்கள். கிராமத்தில் அதே சாமானைச் சின்னச் சின்னக் கவராக அன்றாடம் வாங்குவார்கள். இப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் ஒரு மனப்பாடம் பண்ணி வைத்திருந்தோம்.

ஜெயந்தி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். சானடோரியத்தில் வீடு. அவளுக்குக் கோவளத்துக் குப்பத்தில் சில வீடுகளும் குரோம்பேட்டையில் சில வீடுகளும் கொடுத்திருந்தோம். நல்ல பெண், வெயிலைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டாள். அவள் அம்மாவுக்குத்தான் இந்த வேலை பிடிக்கவே இல்லை. வயசுப் பெண் ஊர்ஊராகப் போய்க் குப்பை பொறுக்குகிறாளே என்று வருத்தம். மதுராந்தகத்தில் சைக்கிள் டயர் கடை வைத்திருந்த மாமன் மகன் ஒருவன் தயாராக இருந்தான். இந்த வேலை என்றைக்குப் போகிறதோ அதற்கடுத்த தை மாதம் கல்யாணம் என்று வீட்டில் ஒப்பந்தம். ஜெயந்திக்கு அந்தப் பையன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. அவன் டயரைப் பற்றி மட்டும்தான் பேசுவானாம், அதுதான் பயம்.

ஒருநாள் காலை ஆபீசில் ஒரே களேபரம். பைகளைப் பிரித்து எழுதுகிற எழுத்தர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வராந்தாவில் நிற்கிறார். குரோம்பேட்டையில் முதல் மாடியில் இருந்த ஒரு மாமியின் வீட்டுப் பை. சுத்த சைவம், வெங்காயமே வாரத்துக்குச் சில நாள்தான். அந்த வீட்டுப் பை முழுக்க மீன் வாசனை. எனக்கு எதுவும் தெரியவில்லை. எனக்குச் சைனஸ். கூவத்தங்கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாலும் நிம்மதியாகக் காபி குடிப்பேன். ஆனால் கண் தெரியுமே. பிஸ்கட் கவர்களை உதறினால் கடற்கரை மணல் கொட்டியது. ஒரு ஷாம்புக் கவரில் மீன் செதில் ஒன்று பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் மேலாளர் அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். வயது குறைவு, வேகம் அதிகம். அவர் இரண்டு பைகளை எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று மாமியின் பை, வாய் பிதுங்கி நின்றது. இன்னொன்று கோவளத்தில் அஞ்சலை என்கிற மீன்காரம்மாவின் பை. அதில் ஒரு தீப்பெட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டையும் எடுத்து வந்தவள் ஜெயந்தி. கணக்கு அவருக்கு உடனே முடிந்துவிட்டது. பை நிரம்பாத டவுன் வீட்டை மாற்ற வேண்டும் என்பது விதி, புது வீடு பிடிப்பது பெரிய பாடு. அந்தப் பாட்டுக்குச் சோம்பல்பட்டு, அஞ்சலையின் கவர்களை அள்ளி மாமியின் பையில் கொட்டியிருக்கிறாள் என்றார். திங்கட்கிழமை பிஸ்கட் கம்பெனி அதிகாரி ரிப்போர்ட் கேட்க வருகிறார், அதற்குள் அவளை அனுப்பும் கடிதத்தைத் தயார் பண்ணச் சொன்னார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் முந்தின இரண்டு சுற்றின் கணக்கை வைத்து அவரே ஏற்கெனவே ரிப்போர்ட் எழுதி முடித்திருந்தார். கடலோரக் கிராமங்களில் பிஸ்கட் செலவு சரிகிறது, உடல்நல விழிப்புணர்வுதான் காரணம் என்று ஒரு பக்கம். குரோம்பேட்டையில் வயதான சைவக் குடும்பங்களில் க்ரீம் பிஸ்கட், நூடுல்ஸ் மோகம் என்று இன்னொரு பக்கம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி வேண்டாமா? குப்பத்துப் பிள்ளைகள் பிஸ்கட் இல்லாமல் டீயைத் தொடுமா? மாமி வீட்டு எழுபது வயது மாமா ராத்திரி நூடுல்ஸ் கிளறிச் சாப்பிடுவாரா? ஆனால் ரிப்போர்ட் கலர் கலராக இருந்தது. கலராக இருந்தால் அதைக் கேள்வி கேட்க எல்லாருக்கும் கூச்சம்.

ஜெயந்தியை மாடிப்படிக்குப் பக்கத்தில் கூப்பிட்டு விசாரித்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "நான் கொட்டலை அக்கா. ஆனா கொட்டலைன்னு காட்ட என்கிட்ட ஒண்ணுமில்லை. லெட்டர் கொடுத்தா அன்னிக்கு சாயங்காலமே எங்கம்மா மதுராந்தகத்துக்கு போன் போட்டுடுவாங்க," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. மேலாளர் மேலா, மாமி மேலா, அஞ்சலை மேலா என்று தெரியாத கோபம், அதுதான் ரொம்பப் பொல்லாதது. கொஞ்சம் ஆறின பிறகு யோசித்தேன். ஏமாற்ற நினைக்கிறவள், சுத்த சைவ வீட்டுப் பைக்கு மீன் செதில் ஒட்டிய கவரா தேடிப் போடுவாள்? பக்கத்து வீட்டில் நல்ல கவர் கிடைக்காதா? இவள் செய்திருக்க முடியாது. அப்படியென்றால் அந்தக் கவர் தானாகவே பஸ் ஏறி வந்திருக்க வேண்டும். பிள்ளைகளே, இதை மட்டும் மனதில் வையுங்கள். கணக்கு இடித்தால் முதலில் ஆளைச் சந்தேகப்படாதீர்கள், சரக்கு வந்த பாதையைப் போய்ப் பாருங்கள்.

கோவளத்துக்குப் போனேன். அஞ்சலை வாசலில் உட்கார்ந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தின்கின்றன. உங்கள் வீட்டில் பிஸ்கட் வாங்குவதே இல்லையா என்று கேட்டேன். "எங்க வூட்ல யாரு பிஸ்கட்டு துன்றாங்கோ," என்றாள், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். பின்னால் இருந்த பெண் குழந்தை எனக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டியது. வாங்கிச் சாப்பிட்டேன், நன்றாக மொறுமொறுவென்று இருந்தது. தின்று முடித்ததும் அந்தக் குழந்தை காலிக் கவரைப் பத்திரமாக நீவி, மடித்து, அம்மாவிடம் கொடுத்தது. அஞ்சலை அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி வேறு பேச்சுப் பேசினேன். மீனை எங்கே கொண்டு போய் விற்கிறாய் என்றேன். கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம் பஸ் பிடித்து, அங்கிருந்து குரோம்பேட்டைக்குப் போய் ஒரு அடுக்குமாடி வாசலில் உட்காருவாளாம். எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னாள். மாமி வீட்டுத் தெரு. அஞ்சலை காலையில் அங்கே விற்றுவிட்டுப் போன பிறகுதான் ஜெயந்தி மத்தியானம் மாமியின் பையை எடுக்கப் போவாள். அஞ்சலை அங்கே வருவது அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை அந்தத் தெருவில் இஸ்திரி வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இஸ்திரிக்காரர் என்ன துணி என்று கேட்டார், வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி வைத்தேன். அஞ்சலை கூடையை இறக்கி வைத்து வியாபாரத்தை ஆரம்பித்திருந்தாள். முதல் மாடி பால்கனிக் கதவு லேசாகத் திறந்தது. மாமி தலையை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு கயிறு கட்டிய பிளாஸ்டிக் கூடை ஒன்று மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கீரைக்காரியிடமும் பூக்காரியிடமும் வாங்குவதற்கு அந்த வீடுகளில் எல்லாரும் வைத்திருக்கிற கூடைதான். ஆனால் அது மீன்காரியின் தலைக்கு மேல் வந்து நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அஞ்சலை மீன் கூடையின் ஓரத்திலிருந்து கட்டுக்கட்டாகக் கவர்களை எடுத்துப் போட்டாள்.

"போன தடவை ஒரே கவிச்சி அஞ்சலை. அலம்பிக் காயவெச்சுக் குடுன்னு சொன்னேனோ இல்லையோ," என்று மேலிருந்து மாமி ரகசியக் குரலில் சொன்னது தெருக்கோடி வரை கேட்டது.

"அலம்பித்தான் கீது மாமி. மீனு கூடைல வர்றது மல்லிப்பூவாட்டமா மணக்கும்?"

நான் வெளியே வந்தேன். மாமி என்னைப் பார்த்ததும் கயிறு கையில் அப்படியே நின்றுவிட்டது. கூடை என் முகத்துக்கு நேராகத் தொங்கிற்று. உள்ளே கையை விட்டு ஒரு க்ரீம் பிஸ்கட் கவரை எடுத்தேன். நேற்று எனக்கு நீட்டிய அதே பிஸ்கட். இஸ்திரிக்காரர் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், யாருடைய சட்டையோ புகைந்தது.

மாமி இறங்கி வந்தார். முதலில் வாங்கோ, காபி சாப்பிடறேளா என்றார். பிறகு மாமா உள்ளே பேப்பர் படிக்கிறார், மெதுவாகப் பேசுங்கோ என்றார். நான் மெதுவாகத்தான் பேசினேன், எனக்கே அது ஆச்சரியம். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. மாமா பழைய பாங்க் உத்தியோகஸ்தர். கூட்டுறவுக் கடையில் அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் மொத்தமாகச் சாக்கில் கொண்டு வந்து இறக்கிவிடுவார். அந்த வீட்டில் கவராக வருவது காபிப் பொடியும் பெருங்காயமும்தான். அக்கம்பக்கத்து வீட்டுப் பைகளெல்லாம் ரொம்பி வழிய, மாமியின் பை மட்டும் ஒட்டிய வயிறாகத் தொங்கியிருக்கிறது. ஜெயந்தி வந்து அதைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் மாமிக்கு அவமானமாக இருந்ததாம். "குப்பைகூட இல்லாத ஆத்திலே என்னத்தைப் பெரிசாச் சாப்பிட்டுடப் போறான்னு நினைச்சுக்க மாட்டாளா," என்றார்.

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் செலவைப் பற்றிப் படித்தவள் நான், காலிக் குப்பைக்கு வெட்கப்படுகிற காலம் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

சரி, உனக்கு என்ன லாபம் என்று அஞ்சலையிடம் திரும்பினேன். பரிசில் பாதிப் பங்கு என்றாள். முதலில் வருகிற குக்கர் அவளுக்கு, அடுத்து வருகிற ஹாட்பாக்ஸ் மாமிக்கு. மீன் வாங்காத ஒரே வாடிக்கை இந்த மாமிதான், ஆனால் இவரிடம்தான் நெடுநேரம் பேரம் பேச வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டாள்.

உங்கள் வியாபாரத்தால் திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்கு வேலை போகப்போகிறது என்றேன். மதுராந்தகத்தையும் சொன்னேன், டயர் கடையையும் சொன்னேன். மாமிதான் முதலில் வாயைத் திறந்தார். மாமாவிடம் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு வருகிறேன் என்றார். அஞ்சலையும் வருகிறேன் என்றாள். ஆனால் மீனை யாரை நம்பி விட்டுவிட்டு வருவது, கூடையோடுதான் வருவேன் என்றாள்.

அப்படியே வந்தாள். திங்கட்கிழமை எங்கள் ஏ.சி. அறையில் ஒரு பக்கம் பட்டுப்புடவையில் மாமி, எதிரே பிஸ்கட் கம்பெனி அதிகாரி, நடுவில் தரையில் சங்கராவும் நெத்திலியும். ஜன்னலைத் திறக்கவும் முடியாது. எழுத்தர் லீவு போட்டுவிட்டார். ஜெயந்தி கதவோரம் நின்றாள், கடிதம் மேலாளர் கையில் இருந்தது. நான் நடந்ததைச் சொல்லி முடித்தேன். மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. உங்கள் கவரை உங்கள் பையிலேயே போடாமல் எதற்காக இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று அஞ்சலையை அதட்டினார்.

"தம்பி, இதே கவர எங்கூர்ல போட்டா பக்கெட்டு குடுக்குறீங்கோ. குரோம்பேட்டைல போட்டா குக்கரு குடுக்குறீங்கோ," என்றாள் அஞ்சலை. "மீனு கோவளத்துலதான் புடிக்கிறோம். வெலை எங்க கீதோ அங்கதான் எடுத்துகினு போறோம். கவருக்கு மட்டும் வேற நாயமா?"

பிஸ்கட் கம்பெனி அதிகாரி சத்தமாகச் சிரித்தார். எங்கள் கம்பெனியில் ஒருவர்கூட அந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. டவுன்காரன் அதிகம் செலவு செய்வான், அவனுக்குப் பெரிய பரிசு என்று முடிவு கட்டியிருந்தோம். அந்த முடிவே கோவளத்துச் செலவை மூட்டை கட்டி டவுனுக்கு அனுப்பிவிட்டது. அப்புறம் டவுன் எப்படிச் செலவு செய்கிறது பார் என்று நாமே வியந்துகொண்டோம். மேலாளர் கலர் ரிப்போர்ட்டை மூடி வைத்தார். கடிதத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்துக்கொண்டே இருந்தார். மாமி எழுந்து போய் அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கிழித்து, கிழித்ததைப் போட இடம் தேடி, கடைசியில் தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டார். ஜெயந்தி அன்றைக்குத்தான் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சைனஸ் என்று சொல்லிச் சமாளித்தேன். போகும்போது அதிகாரி ஒரு கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு போனார்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. எங்கள் மேலாளர் தவறைத் திருத்தினால் பாதியில் நிற்கிறவர் இல்லை. இரண்டு ஊருக்கும் ஒரே பரிசு கொடுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கிராமத்துக்கு இத்தனை நாள் அநியாயம் செய்துவிட்டோம், ஊக்கம் கொடுக்க வேண்டும் என்று அவர் பட்டியலை அப்படியே தலைகீழாக்கினார். இனிமேல் கிராமத்துக்குக் குக்கர், டவுனுக்குப் பக்கெட். தலைமை அலுவலகமும் கையெழுத்துப் போட்டுவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு புது ரிப்போர்ட்டைக் காட்டினார். கடலோரக் கிராமங்களில் ஃபில்டர் காபிப் பழக்கம் வேகமாகப் பரவுகிறது என்று பெரிய எழுத்தில் இருந்தது. படம்கூடப் போட்டிருந்தார், டபராவும் டம்ளரும். நான் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

அங்கே ஜெயந்தி நின்றிருந்தாள். அஞ்சலையின் பையை என் மேஜைமேல் வைத்திருந்தாள், பை வாய் பிதுங்கி நின்றது. மதுராந்தகத்துப் பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்ட தெம்பு முகத்தில் தெரிந்தது. பையைப் பற்றி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, முதலில் மாமி வீட்டுக் கூடையில் கவர் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.

"இதுல என்னம்மா தெரியும்? எனக்குத்தான் வாசனையே தெரியாதே," என்றேன்.

"இது உங்களுக்கே தெரியும் அக்கா," என்று சொல்லி அவள் பையின் கட்டை அவிழ்த்தாள்.

கும்மென்று வந்தது, பெருங்காயம்.